குளத்தின் அடியில் ஒரு காவலாளி

பெருநிலத்திலிருந்து மன்னார்த் தீவுக்குள் செல்லும் நெடும்பாதையின் இருமருங்கும் ஆழமற்ற நீர் பரந்து கிடக்கும். பருவகாலத்தில் அந்நீரிலே பூநாரைகள் கூட்டங் கூட்டமாக வந்து நிற்கும் காட்சியைக் காண்பதற்கென்றே தொலைவிலிருந்து மக்கள் வருவதுண்டு. வந்தவர்கள் பறவைகளைப் பார்ப்பார்கள். பள்ளிமுனையிலுள்ள பெருக்கமரத்தைப் பார்ப்பார்கள். வீதியில் உரிமையோடு உலாவும் கழுதைகளைப் பார்த்துச் சிரிப்பார்கள். நகரை அண்டிக் கிடக்கும் உப்பளத்தை நின்று பார்ப்பவர் அரியர். சதுரஞ் சதுரமாக வரம்பிட்ட சேற்றுத்தரையும் அதிலே அசையாது நிற்கும் நீரும் கண்ணுக்கு விருந்தாவன அல்ல. பல நூறு முறை அவ்வழியே சென்ற நாமும் அவ்வாறே பாராமுகமாய்ப் போய் வந்தோம் என்பதை வாசகர்களிடம் மறைக்க வேண்டியதில்லை.

சென்ற ஆடி மாதத்தில், உயர்தர வகுப்பிலே இரசாயனம் பயிலும் மாணவர் பன்னிருவரை அழைத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனோம். உப்பு விளையும் முறையைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவதிலும் கண்ணாற் காட்டுவது நன்றன்றோ? கடல்நீரை முதலிற் பெரிய பாத்திகளிலே தேக்குகிறார்கள். வெயிலும் காற்றும் அதனைச் சுண்ட வைக்கின்றன. சுண்டச் சுண்ட அடுத்த பாத்திக்கும், அதற்கடுத்த பாத்திக்கும் நீர் மாற்றப்படுகின்றது. நீரின் செறிவை அளக்க, கண்ணாடியாலான மிதவை மானி ஒன்று உண்டு. போமே என்னும் பிரெஞ்சு இரசாயன அறிஞரின் பெயரால் அதன் அளவுகள் வழங்கும். கடல்நீர் அம்மானியில் ஏறக்குறைய மூன்றரைப் பாகை காட்டும். நீர் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கி 25 பாகையை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 30 பாகையை நெருங்கியதும் எஞ்சிய கசப்புநீரை வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் உப்பிற் கைப்புச் சேரும்.

இவ்வளவும் சொல்லி முடித்தபோது மாணவி ஒருத்தி ஒரு வினாவை எழுப்பினாள். "இவ்வளவு நாள் தண்ணீர் நிலத்திலே நிற்கிறதே, அது கீழே ஊறிப் போகாதா?" என்றாள். வினாவை எம்மிடமே கேட்டாள். ஆனால், அருகில் வரம்பைச் செப்பனிட்டுக்கொண்டிருந்த முதியவரை நாம் பார்த்தோம். முப்பது வருடத்துக்கு மேலாக உப்பிலே காலூன்றி நின்றவர் அவர்.

"போகும் பிள்ளை, போகாமல் என்ன?" என்றார் அவர். "களித்தரை எண்டபடியால் கொஞ்சமாய்ப் போகும். பாசியும் படிஞ்சு அடியை மூடிப்போடும். நண்டு துளைச்சால்தான் கரைச்சல்."

"நண்டுத் துளையை எப்படி அண்ணை கண்டுபிடிப்பீர்கள்?" என்று நாம் கேட்டோம்.

"மாஸ்ரர், தண்ணிக்குள்ளை பாத்து ஓட்டை தேடக்கூடாது. வரம்புக்கு அங்காலைப் பக்கம் போய்ப் பாக்கவேணும். காஞ்ச பக்கம் ஈரம் தெரிஞ்சால், இல்லாட்டில் வெள்ளையாய் உப்புப் பூத்துக் கிடந்தால், அதுக்கு நேரே இங்காலை ஓட்டை இருக்கும்."

அம்மனிதர் நாள்தோறும் விடியற்காலையில், வெயில் ஏறுமுன், வரம்பின் வெளிப்புறமாக ஒரு சுற்று நடந்து வருகிறாராம். வெயில் ஏறிவிட்டால் ஈரம் காய்ந்து தடயம் மறைந்துவிடும். நீர் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே பார்ப்பதில்லை. எங்கே நிற்கக் கூடாதோ அங்கேதான் பார்க்கிறார். இந்தச் சிறிய உண்மையை உலகின் பெரிய தொழிற்சாலைகள் பெரும்பொருள் செலவிட்டே கற்றுக்கொண்டன.

உப்பளத்தை ஆவியாக்கற் குளங்களின் மூதாதை எனலாம். தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரிற் சிலவற்றை ஆற்றிலே விட முடியாது. கடலிலும் விட முடியாது. சுத்திகரித்துத் தீர்க்கவும் இயலாது. உப்பு மிகுந்த நீர் அத்தகையது. அதனை விரிந்த குளங்களிலே பரப்பி வெயிலுக்கு விட்டுவிடுவது எளிய வழி. எரிவாயுக் கிணறுகளிலிருந்து வாயுவோடு மேலே வரும் நீரும், சுரங்கங்களின் கழிவும், சாயத் தொழிலின் எச்சமும் உலகின் பல பாகங்களில் இவ்வாறே உலர்த்தப்படுகின்றன. தமிழ்நாட்டின் வேலூர், இராணிப்பேட்டைப் பகுதிகளில், உப்பிட்டுப் பதப்படுத்திய தோலை ஊறவைத்துக் கழுவிய நீரைத் தோற்பதனிடுவோர் வெயிலிற் காய்ச்சும் பாத்திகளில் தேக்கி வந்தனர்.

உப்பளத்துக்கும் இத்தகைய குளத்துக்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. உப்பளத்தில் நீர் ஒழுகினால் நட்டம் உப்பளத்துக்கே. கழிவுக் குளத்தில் நீர் ஒழுகினால் நட்டம் குளத்தின் உடைமையாளருக்கு இல்லை. அவருக்கு ஒருவகையில் இலாபம் என்றே சொல்லலாம், குளம் விரைவில் வற்றுகிறதல்லவா! நட்டம் அயலிலே கிணறு வைத்திருப்பவருக்கு. உப்பளத் தொழிலாளி சொல்லாமலே விடியற்காலையில் எழுந்து வரம்பைச் சுற்றுகிறார். கழிவுக் குளத்தைச் சுற்றச் சட்டமும் மேற்பார்வையும் தேவைப்படுகின்றன.

"குளத்து நீர்மட்டத்தைத் தினமும் அளந்தால் ஒழுக்குத் தெரிந்துவிடாதா?" என மாணவர் கேட்பர். நாமும் அப்படித்தான் எண்ணியிருந்தோம். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு ஹெக்டயர் பரப்புள்ள குளம்; நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் ஆவியாகின்றது என்று கொள்வோம். அது 50,000 லீற்றர். இப்போது அடியிலே 2 மில்லிமீற்றர் குறுக்களவுள்ள துளை ஒன்று இருக்கின்றது. நீரின் ஆழம் ஒரு மீற்றர். துளைக்குக் கீழே நீர் தடையின்றி ஓட வழியும் இருக்கின்றது. அத்துளையால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 700 லீற்றர் வெளியேறும். மாணவர்கள் இதனைப் பௌதிகப் பாடத்திலுள்ள சமன்பாட்டால் தாமே கணித்துப் பார்க்கலாம். 700 லீற்றர் என்பது சிறிய அளவன்று, மூன்றரைப் பீப்பாய், வருடத்துக்கு இரண்டரை இலட்சம் லீற்றர். ஆனால் அதனாற் குளத்தின் மட்டம் எவ்வளவு இறங்கும்? நூறில் ஏழு மில்லிமீற்றர். நாம் எழுதும் தாளின் தடிப்பிலும் குறைவு! காற்று ஒருநாள் பலமாக வீசும், ஒருநாள் ஓய்ந்திருக்கும். நீரிற் செறிவு கூடக் கூட ஆவியாகும் வேகமும் குறையும். இத்தனை ஏற்ற இறக்கத்தினுள் அந்தத் தாளின் தடிப்பை எவர் கண்டுபிடிப்பார்?

ஆகவே குளத்தைப் பார்த்துப் பயனில்லை. முதியவர் சொன்னதுபோல 'அங்காலைப் பக்கம்' போக வேண்டும். தட்டையான குளத்துக்கு அங்காலைப் பக்கம் அதன் அடிப்பக்கம்.

அடிக்குப் போவதற்கு எஞ்ஞினியர்கள் கண்ட வழி இது. குளத்தின் அடியிலே ஒன்றரை அல்லது இரண்டு மில்லிமீற்றர் தடிப்பான பொலித்தீன் விரிப்பு ஒன்றை விரிப்பர். அதன்மேல், நீர் ஓடக்கூடிய வலை போன்ற ஒரு படை. அதற்கு மேலே இன்னொரு விரிப்பு. மேல் விரிப்பிற் துளை விழுந்தால் நீர் மண்ணுக்குப் போவதில்லை. இரு விரிப்புகளுக்கும் இடையேயுள்ள வலையில் இறங்கி, சரிவு வழியே ஓடி, தாழ்ந்த மூலையிலுள்ள ஒரு சேகரக் குழியில் வந்து தேங்கும். அக்குழிக்குள் சாய்வான குழாய் வழியே ஒரு சிறு பம்பியை இறக்கியிருப்பார்கள். எவ்வளவு நீர் இறைக்கப்பட்டது என்று ஒரு மானி கணக்கு வைக்கும். இதுவே அடியிலிருக்கும் காவலாளி.

அமெரிக்காவில் ஆபத்தான கழிவுகளைத் தேக்கும் புதிய குளங்களுக்கு இத்தகைய இரட்டை விரிப்பையும் ஒழுக்கு அறியும் அமைப்பையும் 1992ஆம் ஆண்டின் விதிகள் கட்டாயமாக்கின. குழியிலிருந்து இறைத்த நீரின் அளவை வாரம் ஒரு முறையாவது பதிய வேண்டும் என்பதும் அவ்விதிகளுள் ஒன்று. ஏக்கருக்கு நாளொன்றுக்கு 1,000 அமெரிக்கக் கலன், அதாவது ஏறத்தாழ 3,800 லீற்றர், வரும்போது உடனே நடவடிக்கை எடுக்கலாம் என்பது அந்நாட்டு அதிகாரிகள் குளங்களுக்குப் பரிந்துரைத்த எல்லை. அவ்வளவு விட்டுக்கொடுப்பா என்று வியக்கத் தோன்றும். ஆனால் ஏக்கர்க் கணக்கில் விரித்து ஒட்டிய விரிப்பிலே ஒரு துளையும் இராது என்று நம்புவது நடைமுறைக்கு ஒவ்வாது. விரிப்பைப் போடும்போதே கல்லும் ஆணியும் ஆளின் காலணியும் அதைக் குத்துகின்றன. பொலித்தீன் மின்சாரத்தைக் கடத்தாது; ஆதலால் குளத்து நீரிலே மின்னேற்றி, விரிப்பின் அடியிலே மறுமுனையை வைத்தால், துளையுள்ள இடத்தால் மட்டுமே மின்னோட்டம் செல்லும். கருவியோடு அங்குலம் அங்குலமாகத் தேடிச் சென்று துளைகளை அடைக்க இது உதவும். எனினும் எல்லாத் துளையும் அகப்பட்டுவிடும் என்பதில்லை.

இனித்தான் நாம் சொல்ல வந்த செய்தி.

புதிய குளத்தின் சேகரக் குழியில் முதற் சில மாதங்கள் சிறிது நீர் வருவது இயல்பு. கட்டும்போது பெய்த மழை வலையிலே தங்கியிருக்கும். நுண்ணிய துளைகளால் கசிவும் இருக்கும். பதிவேட்டிலே 40 லீற்றர், 35 லீற்றர், 38 லீற்றர் என்று எழுதப்பட்டு வருகின்றது. பின்னர் ஒரு வாரம் பூச்சியம். அடுத்த வாரமும் பூச்சியம். மாதக் கணக்கிற் பூச்சியம். மேலாளர் மகிழ்கிறார், அயற் கிராமத்தார் கேட்டால் ஏட்டைத் திறந்து காட்டுகிறார். ஒழுக்கு இல்லையாம்!

அந்தப் பூச்சியம் எதைச் சொல்கின்றது? ஒழுக்கு நின்றுவிட்டது என்பதையா, காவலாளி இறந்துவிட்டான் என்பதையா? உப்புநீர் ஊறும் குழியிலே பம்பியின் வாயில் உப்புப் படிந்து இறுகிவிடலாம். மட்டத்துக்கேற்ப உயர்ந்து தாழ்ந்து பம்பியை இயக்க வேண்டிய மிதவை ஒட்டிக்கொண்டு நிற்கலாம். நுண்கிருமிகளின் வழுவழுப்பு வலையின் கண்களை அடைத்துவிடலாம். உணர்கருவியின் கம்பியை எலி கடித்திருக்கலாம். கடற்கரைக் காற்று மின்னிணைப்புகளை எவ்வளவு விரைவில் அரிக்கும் என்பதை மன்னாரிலே வானொலிப் பெட்டி வைத்திருந்தவர் எவரும் அறிவர். நீரமுக்கத்தை அளக்கும் சில கருவிகளில் காற்றுக் குழாயின் வாயிலே ஈரத்தை உறிஞ்சும் மணிகள் இருக்கும். அவை ஈரமேறி நிறம் மாறிய பின் மாற்றாது விட்டால் கருவி பொய் சொல்லத் தொடங்கும். இவற்றுள் எது நேர்ந்தாலும் ஏட்டில் விழுவது பெரும்பாலும் அதே பூச்சியம். ஒழுக்கில்லாக் குளமும் செத்துப்போன கருவியும் ஒரே எழுத்தில் எழுதப்படுகின்றன.

இதை நாம் நூலிற் படித்துத் தெரிந்துகொண்டோம் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எமது கல்லூரி ஆய்வுகூடத்திலே நீரின் மின்கடத்துதிறனை அளக்கும் கைக்கருவி ஒன்று உண்டு. நீரில் உப்புக் கூடினால் அது கூடுதலாகக் காட்டும். தீவின் பேசாலை, எருக்கலம்பிட்டி, தாழ்வுபாடு முதலிய ஊர்களிலிருந்து வரும் மாணவர்கள் மாதமொருமுறை தத்தம் வீட்டுக் கிணற்று நீரைப் போத்தலிற் கொண்டுவருவார்கள். நாம் அளந்து ஒரு கொப்பியில் எழுதுவோம். ஒரு வருடம் எழுதினோம். சில கிணறுகளில் அளவு சற்றும் மாறவில்லை. "எங்கள் கிணறுகள் நிலைத்து நிற்கின்றன" என்று பெருமையோடு வகுப்பிலே கூறினோம். வரைபும் கீறிச் சுவரில் ஒட்டினோம்.

உப்பளத்தில் அந்த வினாவை எழுப்பினாளே, அதே மாணவிதான் ஒருநாள் குறும்பாகக் கருவியைக் கறியுப்புக் கரைத்த நீரிலே விட்டாள். கருவி அசையவில்லை. கிணற்று நீருக்குக் காட்டியதையே அதற்கும் காட்டியது! அதன் முனையிலே படிவு கட்டியிருந்தது. உள்ளே ஏதோ பழுதும் நேர்ந்திருந்தது. எந்த மாதத்தில் அது ஊமையாயிற்று என்று எமக்கு இன்றுவரை தெரியாது. ஒரு வருடக் கொப்பியிலே எத்தனை பக்கம் மெய், எத்தனை பக்கம் வெறும் மை என்று பிரிக்க வழியில்லை. சுவரிலிருந்த வரைபைக் கழற்றும்போது எமக்கு நேர்ந்த வெட்கத்தை இங்கே விவரிக்க விரும்பவில்லை. குற்றம் கருவியினுடையதன்று. இத்தகைய கருவிகளைச் சோதிப்பதற்கென்றே 1413 அலகு காட்ட வேண்டிய பொட்டாசியம் குளோரைட்டுக் கரைசல் விற்கப்படுகின்றது. அப்போத்தல் எமது அலுமாரியிலே முத்திரை உடைக்கப்படாமல் இருந்தது.

கழிவுக் குளத்துக் காவலாளியையும் இவ்வாறே அடிக்கடி தட்டி எழுப்ப வேண்டும். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம். சேகரக் குழிக்குள் அளந்து 100 லீற்றர் நன்னீரை ஊற்றுவது. பம்பி அதை இறைத்துத் தருகிறதா, மானி ஏறக்குறைய அவ்வளவையே காட்டுகிறதா என்று பார்ப்பது. மின்கருவி சொல்லும் மட்டத்தோடு, குழாயினுள் அளவுநாடாவைக் கையால் இறக்கி அறிந்த மட்டத்தை ஒப்பிடுவது. பம்பியை மேலே எடுத்து உப்பைக் கழுவி மீண்டும் இறக்குவது. குழியில் வந்த நீரைச் சிறிது எடுத்து, குளத்து நீரோடு ஒப்பிட்டுச் சோதிப்பதும் அவசியம். வந்தது மழைநீரா குளத்து நீரா என்பதை அதுவே சொல்லும். ஏட்டிலே 'பூச்சியம்' என்று எழுதும்போது அதன் பக்கத்திலே 'கருவி சோதிக்கப்பட்டது' என்ற திகதியும் இருக்க வேண்டும். அத்திகதி இல்லாத பூச்சியத்தை வெற்றிடம் என்றே கொள்ளல் தகும் என்பது எமது அபிப்பிராயம்.

இலக்கம் உயர்ந்தால் என்ன செய்வது என்பதும் முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்க வேண்டும். நீரின் ஆழத்தைக் குறைத்தால் துளையால் வெளியேறும் வேகமும் குறையும். ஆனால் குறைத்த நீரை எங்கே விடுவது? பக்கத்தில் வெறுமையான குளம் ஒன்று இல்லையாயின், ஒழுக்கைக் கண்டுபிடித்தவர் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதே முடிவாகும். நண்டுத் துளை கண்டால் உப்பளத்தார் நீரை அயற் பாத்திக்கு மாற்றிவிட்டுத்தான் களி வைத்து அடைக்கிறார்கள்.

கழிவைத் தேக்கி வைக்கும் இடங்கள் கவனிப்பின்றி விடப்பட்டால் விளைவது என்ன என்பதற்கு இராணிப்பேட்டை ஓர் உதாரணம். 2015 ஜனவரி 31ஆந் திகதி அதிகாலையில், அங்குள்ள தோற்றொழிற்சாலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்திலே கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்தது. அருகிலுள்ள தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் பத்துப்பேர் அச்சேற்றில் அகப்பட்டு மாண்டனர். அது ஒரு கணத்தில் நேர்ந்தது, உலகம் அறிந்தது. நிலத்தடி ஒழுக்கு அப்படி ஓசையோடு வருவதில்லை.

எமது மாகாணத்திலேயே சுன்னாகத்தில் நிகழ்ந்ததை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மின்னுற்பத்தி நிலையப் பகுதியிலிருந்து எண்ணெய் நிலத்தடி நீரிற் கலந்து, அயலிலுள்ள கிணறுகள் பல பயன்படாமற் போயின. வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்று, அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமென 2019 ஏப்பிரலில் தீர்ப்பாயிற்று. சுன்னாகத்து மக்களுக்கு ஒரு விதத்தில் எச்சரிக்கையேனும் கிடைத்தது. எண்ணெய் நீரின்மேல் மிதப்பது, வாளியிலே மினுமினுக்கும், மணமும் காட்டிக் கொடுக்கும். உப்புக்கழிவு அவ்வாறன்று. அது நன்னீரிலும் பாரமானது. கீழே தாழ்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் அடியிலே பரவும். கிணற்றின் மேல்நீர் நெடுநாள் இனிப்பாகவே இருக்கும். ஆகையால் இத்தகைய குளங்களைச் சுற்றித் தோண்டும் அவதானிப்புக் கிணறுகள் ஆழத்தில் ஒன்று, மேலே ஒன்று என இருக்க வேண்டும். மேல்நீரை மட்டும் மொண்டு சோதிப்பது நாம் போத்தலிற் சோதித்ததுபோல் ஆகும்.

மன்னார்த் தீவுக்கு இவையெல்லாம் ஏன் என்று கேட்கலாம். இத்தீவு பெரும்பாலும் மணல். இலங்கையிலே மிகக் குறைந்த மழை பெறும் பகுதிகளுள் ஒன்று. பெய்யும் மழையும் பெரும்பாலும் வாடைக்காற்றுக் காலத்தின் சில மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடும். அம்மழைநீர் மணலுள் இறங்கி, கீழேயுள்ள உப்புநீரின்மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கின்றது. தீவின் வீட்டுக் கிணறுகளிலே நாம் மொள்வது அவ்வில்லையைத்தான். ஒல்லாந்தரான பாடொன் கைபன் 1888ஆம் ஆண்டளவிலும், ஜேர்மனியரான ஹேர்ஸ்பேக் 1901ஆம் ஆண்டிலும் இதன் கணக்கைத் தனித்தனியே கண்டனர். கடல்மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி உயர்ந்து நின்றால், கீழே ஏறக்குறைய நாற்பதடி நன்னீர் இருக்கும். மேலே ஓரடி இழந்தால் கீழே நாற்பதடி உப்புநீர் ஏறிவிடும் என்பது அதன் மறுபக்கம். நகருக்கு வேண்டிய குழாய்நீர் பெருநிலத்து முருங்கன் பகுதிக் கிணறுகளிலிருந்து வருகின்றது என்பதிலிருந்தே தீவின் நன்னீர் எவ்வளவு அருமையானதென அறியலாம். களித்தரையிலே பாசி மூடிய உப்பளப் பாத்தி வேறு; மணல்மேட்டிலே வெட்டும் குளம் வேறு. மணலுக்கு ஒழுக்கைத் தடுக்கத் தெரியாது.

மன்னார்க் கடற்படுகையில் எரிவாயு உண்டென 2011ஆம் ஆண்டிலே துளையிட்டுக் கண்டனர். கண்ட நிறுவனம் பின்னர் விலகிவிட்டது; வாயு இன்னும் கடலடியிலேயே கிடக்கின்றது. தீவின் மணலிலுள்ள கனிமங்களை அகழும் பேச்சும், அதற்கு எதிராக மக்கள் கூடிக் குரலெழுப்புதலும் அண்மை ஆண்டுகளின் செய்திகள். எத்தொழில் வருமோ வராதோ, அதைத் தீர்மானிக்கும் இடம் இப்பக்கமன்று. ஆனால் நாளை ஒருவர் படத்தை விரித்து, "இங்கே ஒரு கழிவுநீர்க் குளம் அமைப்போம், ஒழுக்கை அறியும் நவீன கருவி பொருத்துவோம்" என்று கிராமச் சபையிலே சொல்வாராயின், "கருவியை யார் சோதிப்பார், எத்தனை நாளைக்கு ஒருமுறை, அந்த ஏட்டை நாங்கள் பார்க்கலாமா?" என்று எழுந்து கேட்க ஒருவர் இருக்க வேண்டுமல்லவா? எமது பன்னிரு மாணவருள் ஒருத்தியாவது கேட்பாள் என்பதில் எமக்கு ஐயமில்லை.

பறவைகளுக்கும் இதில் பங்குண்டு. நீர் எங்கே விரிந்து கிடந்தாலும் அவை வந்து இறங்கும். இது கழிவுநீர் என்று அவற்றுக்கு யார் சொல்வார்? கலிபோர்னியாவிலே கெஸ்டர்சன் என்னுமிடத்தில் வயல்களிலிருந்து வடிந்த நீரைத் தேக்கிய குளங்களிலே செலீனியம் செறிந்து, அங்கு கூடுகட்டிய பறவைகளின் குஞ்சுகள் உருக்குலைந்து பிறந்தமை 1983ஆம் ஆண்டிலே தெரியவந்தது. வங்காலைச் சரணாலயம் 2010ஆம் ஆண்டிலே றம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. பூநாரைக்கு வங்காலையின் எல்லை எது, குளத்தின் எல்லை எது என்று தெரியப்போவதில்லை.

கருவியைத் திருத்துவித்து, அந்த முத்திரையை உடைத்து, 1413 என்ற எண்ணைக் கண்ணாற் கண்ட பின்னர் மீண்டும் ஒருநாள் உப்பளத்துக்குப் போனோம். முதியவர் அன்றும் வரம்பின் வெளிப்புறத்திலே நின்றார். கழுதை ஒன்று மிதித்த இடத்தில் வரம்பு சரிந்து, சிறிது நீர் கசிந்து தேங்கியிருந்தது. நாம் கருவியை எடுத்து அந்நீரிலே விட ஆயத்தமானோம்.

"கொஞ்சம் பொறுங்கோ மாஸ்ரர்," என்றார். குனிந்து ஒரு விரலை நனைத்து நாவிலே வைத்தார். எழுந்து, கிழக்கே இரண்டாவதாய் இருந்த பாத்தியைக் காட்டி, "இது அதன்ரை தண்ணி. பக்கத்துப் பாத்தித் தண்ணி இவ்வளவு காராது," என்றார்.

மாணவி கருவியை அங்கு விட்டு அளந்தாள். பின்னர் இரு பாத்திகளுக்கும் ஓடிச்சென்று அவற்றையும் அளந்து வந்தாள். அவர் காட்டிய பாத்தியின் அளவே ஒத்தது.

"அப்ப உங்கடை பெட்டி இப்ப சரியாய்த்தான் சொல்லுது," என்று கூறிவிட்டு, அவர் களி எடுக்கப் போனார்.